அப்பாவின் கழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் கூட மாடிப்படியைத் தவிர மற்ற இடங்களில் என் பேச்சைக் கேட்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்ற கதைகளுக்குப் போகத்தான் ஆசை, ஆனால் நீ சௌக்கியமாக இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அவரைக் கடிந்துகொள்ளாதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது அவர்தான் போனை எடுத்தார், நான் சும்மா எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை என்று கேட்டேன், அந்தப் பிள்ளை, சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா அத்தை, ஆனா எனக்குப் பயமா இருக்கு என்று ஆரம்பித்தார். மாதக்கணக்கில் தலைவலியாம். கிளினிக்கிலிருந்து வந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுகிறாயாம். கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்க்கிறாயோ இல்லையோ, மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாயாம். காரில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்புகிறாயாம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். போனில் சொன்னால், சரிம்மா பாத்துக்கறேன்மா, பேஷன்ட் காத்திருக்காங்கம்மா என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், முழுக்கப் படி.

உன் அப்பாவுக்கும் இதே தலைவலி இருந்தது. உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன்னிடம் சொல்லக் கூடாது என்பது இந்த வீட்டில் சட்டமாக இருந்தது, அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த மகள் நீயும் அங்கே அதே சட்டத்தைப் போட்டிருக்கிறாய். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார் என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஊரிலேயே உயரமான நாற்காலி எங்கப்பாவுக்குத்தான் என்று பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவள் நீ. ஆனால் அந்தக் கூண்டுக்குள் நீ ஏறியதில்லை. நான் ஒரே ஒரு முறை, தொழிலாளர்களின் குடும்பங்களை அழைத்துச் சுற்றிக் காட்டிய அன்று ஏறினேன். வானத்தில் தொங்கும் ஒரு குட்டி அறை, அதற்குத் தரையே கண்ணாடி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் இரண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தாடையை நெஞ்சில் முட்டிக்கொண்டு, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்க்க வேண்டும். அங்கே கயிற்றில் ஒரு வீடு அளவு கன்டெய்னர் ஊசலாடும், அதை லாரி முதுகில் பிள்ளையைத் தொட்டிலில் விடுவது போல விட வேண்டும். நான் கீழே பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஷிப்ட் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், நீ பிறப்பதற்கு முன்பிருந்து. துறைமுகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர், அவரைவிட மூத்தவர்கள் கூடக் கழுகண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் அவருக்கு உள்ளூர ஒரு குஷி.

நீ அந்த ஊருக்குப் போன பிறகு வந்த மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. வலதுபக்கம், பிடரியில் முடி முடிகிற இடத்தில் முதலில் ஒரு பிடிப்பு வரும், அது மெதுவாகக் காதுக்கு மேலே ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. தலை வலிக்கிறது என்றால் யாராக இருந்தாலும் தலையைத்தானே பார்ப்பார்கள், நாங்களும் அதைத்தான் செய்தோம். கண்ணாடியை மாற்றினோம். சளி கட்டியிருக்கிறது என்று ஆவி பிடித்தோம். டீயை நிறுத்தினோம், டீ இல்லாமல் அவர் கோபம் இரண்டு மடங்கானது, அதனால் திரும்பக் கொடுத்தோம். ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும், பிறகு மாத்திரை போடாவிட்டால் அதற்காகவே வலிக்க ஆரம்பித்தது. முடி வெட்டுகிறவர் ஒருநாள், சுளுக்கெடுக்கறேன் சார் என்று கழுத்தைப் பிடித்து டக்கென்று ஒரு திருப்பு திருப்பினார், அன்றைக்கு எழுந்த சத்தத்தை இவர் பெருமையாக வந்து சொன்னார், மறுநாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. நீ வீடியோவில் கூப்பிட்டால் முகத்தைக் காட்டிவிட்டு உடனே என்னிடம் கொடுத்துவிடுவார். துறைமுகத்தில் யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் நடப்பார், கழுகுக்குத் தலைக்கனம் வந்துடுச்சுப்பா என்று சொன்னார்களாம். தலைக்கனம்தான், வேறு மாதிரிக் கனம்.

இதில் இன்னொன்று இருந்தது, அது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு வெல்டர், நம் வீட்டுக்கு வந்து உனக்கு இரும்புத் துண்டில் சின்ன சைக்கிள் செய்து கொடுத்தாரே, அவர் இறந்தது உனக்கு நினைவிருக்கும். மூளையில் கட்டி. அவருக்கும் தலைவலியில்தான் ஆரம்பித்தது, அதுவும் ஒரு பக்கமாக. அப்பா அதை மனதில் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாமல், தனக்கும் அதுதான் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். உன் கல்யாணம் நிச்சயமாகி, நாங்கள் இரண்டு பேரும் புறப்படுவதாக இருந்த சமயத்தில் ஒரு நாள், கன்டெய்னரை இறக்கும்போது கண்ணுக்குப் பின்னால் மின்னல் வெட்டியது போல வலித்து, கை ஒரு கணம் தாமதித்துவிட்டது. பெட்டி லாரியின் ஓரத்தில் இடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே நின்றவர் குதித்து விலகிவிட்டார், யாருக்கும் ஒன்றுமில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஆனால் அப்பா கூண்டிலிருந்து இறங்கி வந்து, தானாகவே மேலாளரிடம் போய், இனி என்னை மேலே ஏத்தாதீங்க என்று சொல்லிவிட்டார். என்னிடம் வந்து, வேற வேலைக்கு மாத்திட்டாங்க, புது வேலையில உடனே லீவு கேட்டா தரமாட்டாங்க, நீ மட்டும் போய் கல்யாணத்தை நடத்திட்டு வா என்றார். நான் சத்தம் போட்டேன், அழுதேன், ஒற்றைப் பெண் கல்யாணத்துக்கு வராத அப்பன் எங்காவது உண்டா என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். நீ போனில் கேட்டதற்கு, வேலைம்மா, என்ன பண்றது என்றார், நீ சரிப்பா என்றாய். அந்த சரிப்பா எப்படிப்பட்ட சரிப்பா என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கல்யாணத்தன்று நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உங்களைக் காட்டினேன். உன் பக்கத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன், அவர் போட வேண்டிய கையெழுத்தையும் நானே போட்டேன். நம் வீட்டுப் பக்கமிருந்து போனில் என்ன தெரிந்தது, நம் கூடத்து ஃபேன் சுற்றுவது மட்டும் தெரிந்தது. அப்பா முகத்தைக் கூடக் காட்ட மாட்டேங்கறார், ஃபேனைப் பார்த்தா நான் கல்யாணம் பண்ணிக்கறது என்று நீ சிரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நீ முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை. அன்றிலிருந்து நீ அப்பாவிடம் கேட்பது நல்லா இருக்கீங்களாப்பா, அவர் சொல்வது நல்லா இருக்கேம்மா, அதற்கு மேல் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை ஓடியதில்லை. உனக்காக நானும் அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்த அன்று கல்யாணப் படங்களைக் கூட அவர் கேட்டுத்தான் காட்டினேன். நான் அங்கே உன்னோடு இருந்த நாட்களில் அவர் தனியாகப் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறார், நான் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில ஒண்ணுமே இல்லையாம், இதைத்தானே நீ கல்யாணமான நாள்லேருந்து சொல்றே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறைமுகம் ஏதோ பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வலி மட்டும் போகவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றான பிறகு வலிக்கிறது என்று சொல்லவும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது, நான் பார்த்துக்கொள்ளும் மழலை வகுப்பில் ஒரு குட்டிப் பையன் காது வலிக்கும்போது வயிறு வலிக்கிறது என்று அழுவான், வயிற்றைத் தடவித் தடவி நாங்கள் ஓய்ந்துபோவோம், அந்தக் கதைதான்.

அப்புறம்தான் நான் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தடியில் விழுந்தேன், முழங்காலுக்கு பிசியோதெரபி என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது, அங்கே நடந்தது. என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவர் அப்பா. ஒரு நீளமான அறை, நடுவில் திரை போட்ட கட்டில்கள், சுவரோரம் ரப்பர் பட்டைகள் தொங்கும், மூலையில் மிதிக்கிற சைக்கிள். பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு எல்லாரையும் அதட்டிக்கொண்டே சிரிப்பாள். என் காலில் ஐஸ் பையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தவள், பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா மணி பார்ப்பதற்காக உடம்போடு திரும்புவதைப் பார்த்தாள். மாப்பிள்ளை உன்னைப் பற்றிச் சொன்னாரே, அப்படியே. சார், கடிகாரத்தைப் பாக்க இடுப்பு எதுக்கு, கழுத்து போதுமே என்றாள். இவர், அது கொஞ்ச நாளா அப்படித்தான் என்றார். தலை வலிக்குமா என்றாள். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான் கேட்டாள், ஆனால் அவர் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் பார்த்தேன். முதலில் டாக்டரிடம் காட்டி அவர் எழுதிக் கொடுக்காமல் தான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அடுத்த தடவை ஸ்கேனையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு போனோம், எனக்கு ஒரு கட்டில், அவருக்கு ஒரு கட்டில், நடுவில் ஒரு திரை.

அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எங்கே தொடங்கும், எங்கே போய் நிற்கும், எப்படி உட்கார்ந்தால் அதிகமாகும். இவர் வாத்தியாருக்குப் பதில் சொல்கிற பையன் மாதிரி ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில், எப்ப ரொம்ப மோசமா இருந்துச்சு சார் என்று கேட்டாள். என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு என்றார். நான் திரைக்கு இந்தப் பக்கம் முழங்காலில் ஐஸோடு படுத்திருக்கிறேன். லீவு குடுத்திருந்தாங்க மேடம், நான்தான் போகல, தலையில கட்டின்னு நினைச்சுட்டேன், அங்க போய் கல்யாண வீட்டுல விழுந்துட்டா அவ காலத்துக்கும் அதைத்தானே நினைச்சுக்கிட்டு இருப்பா, போகாம இருந்தா கோபத்தோட போயிடும்னு நினைச்சேன், அன்னிக்கு வலி தாங்க முடியல, போனைக் கையில பிடிச்சுக் குனிஞ்சு பாக்க முடியல, மேசை மேல மல்லாத்தி வெச்சுட்டுப் பக்கத்துல தலையைக் கவுத்துக்கிட்டுக் காதால கேட்டேன், அவ சிரிக்கறது நல்லாக் கேட்டுது. இதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை, எந்தத் தோள் வலிக்கிறது என்று சொல்கிற மாதிரியே சொன்னார். எனக்குத்தான் ஐஸ் கட்டியது முழங்காலிலா நெஞ்சிலா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன், இத்தனை நாள் ஏன் சொல்லலை, இப்பவாவது அவகிட்ட சொல்லுங்க என்று. மாட்டேன் என்றார். வராம இருந்தது வராம இருந்ததுதான், இப்பப் போய்க் கழுத்துன்னு சொன்னா சாக்கு மாதிரி இருக்கும், நீயும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை இன்று வரை காப்பாற்றினேன். உன் தலைவலியைக் கேட்ட பிறகு அந்தச் சத்தியத்துக்கு என்ன மரியாதை.

இனி உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பெண் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கமாக மடக்கி, அப்படியே தலையை இடதுபக்கம் திருப்பினாள், எண்ணெய் போட்ட கதவு மாதிரி போனது. வலதுபக்கம் திருப்பினாள், பாதியில் பூட்டு விழுந்தது. பிறகு மண்டை ஓட்டுக்குக் கீழே, கழுத்து தொடங்குகிற இடத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். இவர் ஐயோ இதுதான், கண்ணுக்குப் பின்னாடி வருது பாருங்க, இந்த வலிதான் என்று கட்டிலிலேயே கத்திவிட்டார். வலிக்கிறது என்று ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டதில்லை. தொலைந்து போன பொருளை யாரோ கண்டுபிடித்துக் கையில் கொடுத்த மாதிரி. அவள் விளக்கினாள், கழுத்தின் மேல்பக்கத்து மூட்டிலிருந்து வரும் நரம்பும் நெற்றி, கண் பக்கத்திலிருந்து வரும் நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறதாம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே காலிங் பெல் மாதிரி சார், கழுத்து வந்து பெல்லை அடிக்குது, மூளை போய் நெத்தி வீட்டுக் கதவைத் திறந்து பாத்துட்டு யாருமே இல்லையேன்னு முழிக்குது என்றாள். நீயும் டாக்டர்தான் கண்ணு, ஆனால் உன் படிப்பு பல்லோடு நின்றுவிட்டது, கழுத்து அதற்குக் கீழே இருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை ஊரார் வாய்க்குள் குனிந்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அப்பா கப்பலைப் பார்த்தார், நீ கடைவாய்ப் பல்லைப் பார்க்கிறாய், குனிந்த கழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரே நாளில் சரியாகவில்லை. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, அவள் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளையெல்லாம் முதல் நாளே ஒன்றுக்குப் பத்தாகச் செய்து, மறுநாள் வலி அதிகமாகி, இதெல்லாம் ஏமாத்து வேலை, போகமாட்டேன் என்று படுத்துவிட்டார். அவள் போனில் கூப்பிட்டு, ஒரு மாசத்துத் தண்ணிய ஒரே நாள்ல ஊத்தினா செடி என்ன சார் ஆகும் என்று கேட்டு வரவழைத்தாள். விரலால் அந்த மூட்டுகளை மெதுவாக அசைத்து இளக்குவாள், முறிப்பது, நெட்டி எடுப்பது எதுவும் இல்லை, முடிவெட்டுகிறவர் கதையைக் கேட்டு அவள் முகம் வெளிறிவிட்டது, இனிமே யார் கையிலயும் கழுத்தைக் குடுக்காதீங்க என்று திட்டினாள். பயிற்சி என்றால் பெரிய வித்தையும் இல்லை. படுத்தபடி தலையைத் தூக்காமல், ஆமாம் என்று சொல்வது போலத் தாடையை மட்டும் லேசாக அசைத்து, சற்று நிறுத்திப் பிடிக்க வேண்டும், கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் சதைகள் தூங்கிப் போயிருக்கின்றன, அவற்றை எழுப்பத்தான். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் ஆமாம் என்று தலையாட்டாத மனுஷன், தினமும் காலையில் கூரையைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டு கிடந்தார். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது ஒன்று, ரப்பர் பட்டையை இழுப்பது ஒன்று. ஒரே நிலையில் வெகுநேரம் உட்காராமல் நடுநடுவே எழுந்திருப்பது. மாத்திரையை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தார்கள், தினமும் போடுகிற வலி மாத்திரையே தலைவலியை வளர்க்குமாம், இதை நீ இரண்டு முறை படி. வாரங்கள் போகப் போக, வலி கண்ணுக்கு வராமல் காதோடு நின்றது, பிறகு பிடரியோடு நின்றது, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, இன்னிக்கு வரவே இல்ல என்றார். இப்போதும் அசதியான நாளில் எட்டிப் பார்க்கும், ஆனால் வந்து தங்குவதில்லை.

தலைவலி போன பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் அந்த நாற்காலியைத் திரும்பக் கேட்டார். மேலாளர் நல்ல மனுஷர், எழுந்து நின்று பேசினாராம், அண்ணே, உங்க இடத்துக்கு ஆள் வந்தாச்சு, கீழ நின்னு சிக்னல் காட்டற வேலை வேணா தரேன் என்றாராம். அது நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை, பிசியோதெரபி பெண் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டாள். கிரேனுக்கே திரும்பினாலும் பழைய வலி திரும்பக் கூடும் என்றும் மறைக்காமல் சொன்னாள். அதனால் அவர் வாசல் அலுவலகத்தில்தான் இருக்கிறார், வருகிற லாரிகளில் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார். போன மாதம் அவருக்குக் குடை கொண்டு போனேன், கம்பிவேலி ஓரமாக நின்று அவருடைய பழைய கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வேறு யாரோ ஒரு பெட்டியை அலுங்காமல் இறக்கினார்கள். நல்லாத்தான் ஓட்டறான் என்றார். அந்த நல்லாத்தானில் எவ்வளவு இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயந்து ஒளிந்துகொண்டிருந்த நாளில் யாராவது ஒருவர் அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால், அவர் இன்னும் கொஞ்ச நாள் அங்கே கழுகாக இருந்திருப்பார், உன் பக்கத்தில் நின்றிருப்பார், ஃபேனைப் பார்த்து நீ சிரிக்க வேண்டி வந்திருக்காது. யாரைக் குறை சொல்வது. ஸ்கேன் முடிவு உன் கல்யாணம் முடிந்த மறுவாரம் வந்தது, அதற்கு முன்னால் எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. கெட்ட சேதியைப் பையில வெச்சுக்கிட்டுக் கல்யாண வீட்டுல எப்படிச் சிரிக்கறது என்று பின்னால் ஒரு நாள் சொன்னார். பையில் ஒன்றுமே இல்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

இதையெல்லாம் எழுதியது உன்னை அழவைக்க அல்ல. அப்பாவை மன்னித்துவிடு என்று கேட்கவும் இல்லை, அது உன் பாடு, அவர் பாடு. நீ செய்ய வேண்டியது இதுதான், இந்த வாரமே உங்கள் ஊர் டாக்டரிடம் போய்க் காட்டு, தலைவலியில் எத்தனையோ வகை இருக்கிறது, உன்னுடையது கழுத்திலிருந்துதான் வருகிறது என்று நானும் தீர்ப்பு எழுதக் கூடாது, ஒருவர் தீர்ப்பு எழுதி நாம் பட்டது போதும். கழுத்துதான் என்றால் நல்ல பிசியோதெரபிஸ்டாகப் பார்த்துப் போ, பாதியில் விடாதே. நோயாளியின் நாற்காலியை உன் உயரத்துக்கு ஏற்றிக்கொள், நீ அவர்கள் உயரத்துக்கு இறங்காதே. திடீரென்று இதுவரை வராத மாதிரி வலி மண்டையைப் பிளந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பார்வை மாறினாலோ, கை கால் மரத்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ பயிற்சி கியிற்சி என்று உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. எதுவாக இருந்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போ. அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தாதே. பாரத்தை ஒருவரே சுமந்தால் மற்றவருக்கு நிம்மதி என்று உன் அப்பா நினைத்தார், எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிம்மதி வந்து சேரவே இல்லை.

இன்று காலை அவரிடம் சொல்லிவிட்டேன், நான் அவளுக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், சத்தியம் போனால் போகட்டும் என்று. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். உங்க சார்பா என்ன எழுதட்டும் என்றேன். ஒண்ணும் வேண்டாம் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். சரி, இவர் மாறமாட்டார் என்று நான் இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, மூச்சிரைக்கக் கதவில் நின்றுகொண்டு, அவளுக்கு எந்தப் பக்கம் வலிக்குதாம் என்று கேட்டார். தெரியாது, மாப்பிள்ளை சொல்லலை என்றேன். கேளு, என்கிட்டே சொல்லச் சொல்லு, எனக்குத்தான் அது தெரியும் என்றார். பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து போனார்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல் நீடூழி வாழ வேண்டும், அம்மாவின் ஆசி என்றும் உண்டு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, இந்த முறை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே. அவரைக் கூப்பிடு, எந்தப் பக்கம் என்று அவரிடம் சொல்.

இப்படிக்கு,
உன்னையும் அவரையும் ஒரே மாதிரி பெற்றெடுத்தது போல் ஆகிவிட்ட
உன் அம்மா